ஆர்கெஸ்ட்ராவுக்கு ஸ்பேர் ஐட்டம் எடுத்துட்டுப் போறது எப்படி (அனுபவப்பட்டவன் சொல்றேன்)

போன வருஷம் ஆடி மாசம், ஒரு கோயில் கொடை, அதாவது எங்க பக்கத்து ஊர்க்கோயில் திருவிழா. மணி எட்டே முக்கால் இருக்கும், கூட்டம் அப்பதான் சாப்டுட்டு வந்து பாய விரிச்சு உக்காருது, நாலாவது பாட்டு, பல்லவி முடிஞ்சு பிஜிஎம் போய்க்கிட்டிருக்கு, என் கீபோர்டு டிஸ்பிளே ஒரு தடவ கண்ணடிச்சுட்டு பொட்டுனு அணைஞ்சு போச்சு. அடாப்டர் வயர், பின்னுக்குள்ள நுழையுற கழுத்துகிட்ட உள்ளுக்குள்ளயே அறுந்திருக்கு. வளைச்சுப் பிடிச்சா வருது, விட்டா போயிருது. எனக்கு ஒண்ணும் பயமில்ல, ஏன்னா பைக்குள்ள இன்னொரு அடாப்டர் கிடக்குன்னு தெரியும். எடுத்தேன், சொருகப் போனேன், பின்னும் அழகா பொருந்துது. ஏதோ புத்தி வந்து செல்போன் டார்ச்ச அடிச்சு லேபிளப் பாத்தா அது ரிதம் பேடோட (தட்டினா தாளச் சத்தம் வர்ற எலக்ட்ரானிக் பலகை) அடாப்டர். 9 வோல்ட், நடுவுல மைனஸ். என் கீபோர்டுக்கு வேண்டியது 12 வோல்ட், நடுவுல பிளஸ். சொருகியிருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்ப நினைச்சாலும் வயித்தக் கலக்குது.

அப்புறம் என்ன, டோலக் அண்ணன் ஏழெட்டு நிமிஷம் தனியா வாசிச்சு சமாளிச்சார், கைதட்டு அவருக்குத்தான் அன்னைக்கு ஜாஸ்தி. அடாப்டர் வயர ஒரு கோணத்துல வளைச்சு டேப் சுத்தி, பாடகரோட மச்சான் ஒருத்தர் நிகழ்ச்சி முடியுற வரைக்கும் அத ரெண்டு விரலால பிடிச்சபடியே என் காலடியில உக்காந்திருந்தார். அவருக்கு பிரியாணி வாங்கிக் குடுத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினோம்.

இதுல எனக்கு உறைச்ச விஷயம் ஒண்ணுதான். ஸ்பேர்னா எல்லாரும் ரெண்டாவது கீபோர்டு, ரெண்டாவது கிட்டார்னு யோசிக்கிறோம், காசு இல்லையேன்னு விட்டுர்றோம். மேடையில சாகுறது கீபோர்டு இல்லீங்க, அதோட அடாப்டர். கிட்டார் இல்ல, அதோட கேபிள். மைக் இல்ல, அதுக்குள்ள இருக்கிற பேட்டரி. இதெல்லாம் ஒரு புரோகிராம் சம்பளத்துக்குள்ள அடங்கிரும்.

கொடையில நாயனம் வாசிக்கிறவரப் பாத்திருப்பீங்க. வாத்தியத்துலயே நூல் கட்டி நாலஞ்சு சீவாளி (வாயில வச்சு ஊதுற நாக்கு) தொங்கும், கூடவே அத சரி பண்ற ஊசியும் தொங்கும். ஒரு சீவாளி மக்கர் பண்ணுச்சுன்னா இடத்த விட்டு நகராம, அடுத்தத எடுத்து வாயில வச்சு நனைச்சு மாட்டிட்டுப் போய்க்கிட்டே இருப்பார். அந்த நாலஞ்சும் சும்மா வாங்கித் தொங்கவிட்டது இல்ல, எல்லாம் அவரே ஊதிப் பாத்துப் பதம் பண்ணி வச்சது. சின்னப் பொருள், முன்கூட்டியே ஊதிப் பாத்தது, கைக்கெட்டுற தூரம். ஆர்கெஸ்ட்ராக்காரங்க நாம லட்ச ரூபா சாமான வச்சுக்கிட்டு இந்த மூணுல ஒண்ணையும் செய்யுறதில்ல.

எதுக்கு முதல்ல ஸ்பேர் வாங்குறது

ஒரு பேப்பர எடுத்து மேடையில உள்ள சாமான் எல்லாத்தையும் வரிசையா எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கு நேராவும் "இது இப்ப பாட்டு நடுவுல செத்தா என்ன ஆகும்"னு எழுதுங்க. எங்க செட்டுல கீபோர்டு, ரிதம் பேடு, மெயின் பாடகர் மைக், கரண்ட்டு, இந்த நாலுல எது போனாலும் பாட்டு நின்னு போகும். பேஸ் கிட்டார், லீடு கிட்டார், புல்லாங்குழல் போனா பாட்டு நொண்டிக்கிட்டே முடிஞ்சிரும். கோரஸ் மைக், எஃபெக்ட் பெட்டி, ரெண்டாவது கீபோர்டு இதெல்லாம் போனா முன்வரிசையில உக்காந்திருக்கிற இன்னொரு ஆர்கெஸ்ட்ராக்காரன் மட்டும்தான் கண்டுபிடிப்பான். முதல் நாலுக்கு ஸ்பேர் இல்லாம மூணாவது வகைக்குக் காசு செலவழிக்காதீங்க, நான் செலவழிச்சிருக்கேன், அசிங்கமா இருக்கு சொல்ல.

இன்னொரு கணக்கும் உண்டு. 2000-ம் வருஷ ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்து மணியில இருந்து காலையில ஆறு வரைக்கும் வெளியிடத்துல ஸ்பீக்கர் போடக்கூடாது, திருவிழாவுக்கு அரசாங்கம் தனியா அனுமதி குடுத்தாலும் நடுராத்திரிதான் எல்லை. அப்ப ஏழு மணிக்குன்னு சொல்லி ஏழரைக்கு ஆரம்பிச்சா கையில இருக்கிறது ரெண்டரை மணி நேரம். இருபது நிமிஷம் கேபிள் தேடினா நாலு பாட்டு போச்சு, விழாக் கமிட்டிக்காரர் சம்பளம் குடுக்கும்போது அந்த நாலு பாட்ட மறக்காம ஞாபகப்படுத்துவார். அதனால ஸ்பேர் இருக்கான்னு கேட்டா மட்டும் பத்தாது, எத்தன நிமிஷத்துல மாத்தலாம்னும் எழுதி வைங்க.

கேபிள்

நான் பாத்தவரைக்கும் மேடைப் பிரச்சனையில பாதிக்கு மேல கேபிள்தான். பி38 கேபிள், அதாவது கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் போடுற தடி பின், அது எங்க அறுந்து போகும்னா எப்பவும் பின்னுக்கு ஒட்டின ரெண்டு இஞ்சுலதான், நடுவுல அறுந்து போறது ரொம்ப அபூர்வம். காரணம், கழட்டும்போது பின்னப் பிடிச்சு இழுக்காம வயரப் பிடிச்சு இழுக்கிறோம், முடிஞ்சதும் முழங்கைல சுத்தி முறுக்கி பைக்குள்ள திணிக்கிறோம். வட்டமா, ஒரு சுத்து இப்படி, அடுத்த சுத்து உள்பக்கமா மடக்கி, அதோட இயல்பான வளைவுலயே சுத்திப் பழகிட்டா அதே கேபிள் வருஷக்கணக்கா வரும். கிட்டாரிஸ்ட்டா இருந்தா கேபிள ஸ்ட்ராப்புக்குள்ள ஒரு வளையம் விட்டு அப்புறம் ஜாக்குல சொருகுங்க, யாராவது மிதிச்சாலும் இழுவை ஸ்ட்ராப்போட நின்னுரும்.

எண்ணிக்கை கேட்டீங்கன்னா, மேடையில ஓடுற மூணு பி38-க்கு ஒண்ணு ஸ்பேர், மைக்குக்குப் போடுற கேனன் கேபிள் ரெண்டு ஸ்பேர், செல்போன்ல இருந்து மிக்ஸருக்குப் போக, ஒரு நுனியில ஹெட்போன் சின்ன பின்னும் இன்னொரு நுனியில ரெண்டு பி38-ம் உள்ள கேபிள் ஒண்ணு. இது எங்க ஏழு பேர் செட்டுக்கு. ஸ்பேர் கேபிள்ல ஒண்ணாவது நீளமா, ஆறு மீட்டராவது இருக்கட்டும், ஏன்னா நீளத்த குட்டைக்குப் பதிலா போடலாம், குட்டைய நீளத்துக்குப் பதிலா போட முடியாது. இன்னொண்ணு, பாக்க ஒரே மாதிரி பி38 பின் இருக்குன்னு ஸ்பீக்கர் கேபிள எடுத்து கிட்டார்ல சொருகாதீங்க, அதுல ஷீல்டு இருக்காது, மேடை முழுக்க உள்ள இரைச்சல இழுத்துட்டு வந்து ஆம்ப்ல குடுக்கும்.

மல்டிமீட்டர் ஒண்ணு கண்டிப்பா வேணும், சாதாரணமானதே போதும். பீப் சத்தம் வர்ற மோடுல வச்சு ஒரு நுனியில உள்ள பின்னோட மூக்க இன்னொரு நுனி மூக்கோட, உடம்ப உடம்போட தொட்டா பீப் வரணும், மூக்கையும் உடம்பையும் தொட்டா வரக்கூடாது. தொட்டபடியே கழுத்த அப்படியும் இப்படியும் ஆட்டுங்க, பீப் விட்டு விட்டு வந்தா அந்த கேபிள் இன்னைக்கோ நாளைக்கோ கழுத்தறுக்கும். செத்த கேபிள் கையில கிடைச்ச உடனே அங்கேயே நடுவுல ஒரு முடிச்சு போட்ருங்க, நல்ல கேபிள் பைக்குள்ள திருப்பிப் போடவே போடாதீங்க. இருட்டுல, அவசரத்துல, "இது நல்லதா கெட்டதா"ன்னு யோசிக்கிற நிலைமை வரக்கூடாது, முடிச்சு இருந்தா கை தொட்டதும் தெரிஞ்சிரும்.

சால்டர் பண்ணத் தெரிஞ்சவங்க 25 வாட் அயர்னும், ரெண்டு பி38 பின்னும், கேனன் பின்ல ஆண் ஒண்ணு பெண் ஒண்ணும் பெட்டியில வச்சிருங்க. ஆனா மேடையில உக்காந்து பத்த வைக்கிற வேலை வேண்டாம், அது ரூமுக்கு வந்த அப்புறம். சென்னைப் பக்கம் இருக்கிறவங்க ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் நின்னா இது எல்லாமே ஒரே தெருவுல முடிஞ்சிரும், நாங்க தென்கோடியில இருக்கிறதால சென்னை போற ஆள்கிட்டதான் லிஸ்ட் குடுத்து விடுவோம்.

அடாப்டர்

ஒவ்வொரு அடாப்டர்லயும் வெள்ளை டேப் ஒட்டி மார்க்கர்ல பெருசா எழுதுங்க: எந்த சாமானுக்கு, எத்தன வோல்ட், நடுவுல பிளஸ்ஸா மைனஸ்ஸா. ரோலண்ட் பேடு, பாஸ் பெடல் இதெல்லாம் பொதுவா 9 வோல்ட், நடு மைனஸ். யமஹாவுல சின்ன பிஎஸ்ஆர் கீபோர்டுகளுக்கு 12 வோல்ட், பெரிய எஸ் வரிசைக்கு 16 வோல்ட், ரெண்டுமே நடு பிளஸ். உங்க சாமான்ல என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டே வாங்குங்க, நான் சொன்னேன்னு கண்ண மூடிட்டு வாங்காதீங்க. ஆம்பியர் விஷயத்துல பழைய அடாப்டர்ல 1.5 ஆம்பியர்னு இருந்தா 2 ஆம்பியர் வாங்கலாம், தப்பில்ல, 1 ஆம்பியர் வாங்கினா சூடாகி நடுவுல படுத்துரும். வோல்ட்டும் பிளஸ் மைனஸும் மட்டும் அச்சு அசலா அதே இருக்கணும்.

எழுதி ஒட்டினதுக்கு அப்புறம் டார்ச்ச அணைச்சுட்டு ஒரு தடவ எடுத்துப் பாருங்க. எழுத்து தெரியாது. அதுக்குத்தான் நான் இப்ப கீபோர்டு அடாப்டர் கழுத்துல ஒரு ரப்பர் பேண்ட், பேடு அடாப்டர்ல ரெண்டு ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்கேன்.

கரண்ட்டு

இங்கதான் பெரிய சாமான் சாகும், அதனால கொஞ்சம் நிதானமா படிங்க. நம்ம ஊர்ல ஒரு பேஸ்னா (பேஸ் கிட்டார் இல்ல, கரண்ட்டு வர்ற லைன்) 230 வோல்ட், ரெண்டு பேஸுக்கு நடுவுல அளந்தா கிட்டத்தட்ட 400. கொடைப் பந்தல்ல மூணு பேஸும் வரும், ஒண்ணுல சீரியல் செட்டு, ஒண்ணுல ஆம்பிளிஃபயர், ஒண்ணுல மேடை லைட்டு. இது எல்லாத்துக்கும் பொதுவான நியூட்ரல் வயர் எங்கயாவது லூஸாகி விட்டுப்போச்சுன்னா, 230 வரவேண்டிய பிளக்குல 300, 350 ன்னு எகிறிரும், லோடு கம்மியா இருக்கிற பக்கம் ரொம்ப எகிறும். கீபோர்டு, பேடு, மிக்ஸர் எல்லாம் லோடு கம்மியான சாமான்கள்தான், மொத அடி அதுக்குத்தான். இது வர்றதுக்கு ஒரு அடையாளம் உண்டு: மேடையில ஒரு பக்க பல்பு திடீர்னு பளிச்சுன்னு எரியும், இன்னொரு பக்கம் மங்கும். அத பாத்த உடனே பாட்டு, பல்லவி எதையும் பாக்காம நம்ம எக்ஸ்டென்ஷன் பாக்ஸோட மெயின் பிளக்க பிடுங்கிருங்க, அப்புறம் ஜெனரேட்டர்காரர கூப்பிடுங்க. ஜெனரேட்டர் பக்கம் நீங்களா போய் எதையும் தொட வேண்டாம்.

பிளக் சொருகுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர ஏசி மோடுல வச்சு சாக்கெட்ல அளந்துருங்க. 220-ல இருந்து 240 வரைக்கும் ஓகே. 250 தாண்டினா சொல்லி குறைக்கச் சொல்லுங்க. அப்படியே பேஸுக்கும் எர்த்துக்கும் அளங்க, கிட்டத்தட்ட அதே அளவு வரணும், வரலேன்னா எர்த்து இல்லேன்னு அர்த்தம். எர்த்து இல்லாத மேடையில கிட்டார் ஸ்ட்ரிங்ல கை வச்சுக்கிட்டே மைக்க உதட்டுல தொட்டா சுள்ளுனு அடிக்கும், சில நேரம் சுள்ளோட நிக்காது. 1972-ல பிரிட்டன்ல ஸ்வான்ஸீ ஊர் மேடையில லெஸ் ஹார்வின்னு ஒரு கிட்டாரிஸ்ட் எர்த்து சரியில்லாத மைக்கத் தொட்டு அங்கேயே செத்துப் போனார். ம்ம்ம்னு ஹம் வருதுன்னு பிளக்கோட எர்த்து பின்ன ஒடிச்சு விடுற பழக்கம் நம்மாளுககிட்ட இருக்கு, தயவுசெஞ்சு வேண்டாம். ஹம் போறதுக்குன்னே டிஐ பாக்ஸ்ல, அதாவது கீபோர்டு, கிட்டார் சத்தத்த மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கிற சின்னப் பெட்டியில, கிரவுண்ட் லிஃப்ட்னு ஒரு சுவிட்ச் இருக்கு, அத தள்ளுங்க. டிஐ பாக்ஸ் ஒண்ணு ஸ்பேரா இருந்தா இன்னும் நல்லது, பேட்டரி வேண்டாத பேசிவ் வகையா வாங்குங்க.

மின்வாரியக் கரண்ட்டு போய் ஜெனரேட்டருக்கு மாத்துற அந்த நாலஞ்சு செகண்டுல லைட்டு திரும்ப வந்துரும், ஆனா கீபோர்டு ஆன் ஆகி, ஸ்டைல் லோடு ஆகி, பழைய செட்டிங் வர்றதுக்குள்ள பாட்டு செத்துரும். அதுக்கு வீட்டுல கம்ப்யூட்டருக்கு வைக்கிற 600 விஏ யூபிஎஸ் ஒண்ணு போதும். கீபோர்டு, பேடு, சின்ன மிக்ஸர் எல்லாம் சேந்தாலும் ஒரு குண்டு பல்பு அளவுதான் கரண்ட் இழுக்கும், பத்து நிமிஷத்துக்கு மேல தாங்கும். பவர் ஆம்ப்ப மட்டும் அதுல சொருகிறாதீங்க. ஒரு சின்ன சிக்கல், பழைய ஜெனரேட்டர் ஏத்த இறக்கமா ஓடுனா யூபிஎஸ் அத கரண்டாவே மதிக்காது, டக் டக்னு பேட்டரிக்கு மாறிக்கிட்டே இருந்து அரை மணி நேரத்துல கத்த ஆரம்பிக்கும். சவுண்ட் செக்லயே ஜெனரேட்டர் போட்டு ஓட்டிப் பாத்துருங்க.

15 ஆம்பியர்ல இருந்து 5 ஆம்பியருக்கு மாத்துற பிளக் ரெண்டு, நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ரெண்டு, நம்ம ஆம்புக்குள்ள இருக்கிற ஃபியூஸ் எத்தன ஆம்பியரோ அதே அளவுல நாலு கண்ணாடி ஃபியூஸ். ஃபியூஸ் இல்லேன்னு சிகரெட் பேப்பர் சுத்துறவங்கள நான் பாத்திருக்கேன், அதுக்கப்புறம் அந்த ஆம்ப பாத்ததில்ல.

மைக்

மைக்செட்டுக்காரர் கொண்டு வர்ற மைக்க நம்பலாம், ஆனா நம்மகிட்ட வயர் மைக் ஒண்ணு சொந்தமா இருக்கணும். எஸ்எம்58 மாதிரி ஒண்ணு, சுவிட்ச் இல்லாதது. அத பைக்குள்ள வைக்காதீங்க, மேடையிலயே ஒரு ஸ்டாண்ட்ல மாட்டி, மிக்ஸர்ல தனி சேனல்ல சொருகி, சவுண்ட் செக் பண்ணி, சத்தத்த ஏத்தி இறக்குற ஃபேடர மட்டும் கீழ இறக்கி வைங்க. கார்ட்லெஸ் மக்கர் பண்ணுச்சுன்னா பாடகர் ரெண்டு அடி நகந்து அந்த மைக்குக்கு வந்துருவார், மிக்ஸர்ல இருக்கிற தம்பி ஒரு விரலால ஃபேடர ஏத்திருவார், ஒரு வரிகூட விடாது.

கார்ட்லெஸ் பேட்டரிய ஒவ்வொரு புரோகிராமுக்கும் புதுசா போடுங்க. பாதி ஓடுனத தூக்கிப் போட மனசு வராது, எனக்கும் வராது, அத வீட்டு ரிமோட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் போட்டுருவேன். எங்க வீட்டுல கடிகாரம் நின்னதே இல்ல.

கிட்டாரும் பேஸும்

ரெண்டாவது கிட்டார் இருந்தா ட்யூன் பண்ணி ஸ்டாண்ட்ல நிக்க வைங்க, கவருக்குள்ள இருந்தா அது ஸ்பேர் இல்ல, லக்கேஜ். 1989-ல அமெரிக்காவுல ஆஸ்டின் சிட்டி லிமிட்ஸ்ங்கிற டிவி நிகழ்ச்சியில ஸ்டீவி ரே வானுக்கு பாட்டு நடுவுல ஸ்ட்ரிங் அறுந்துச்சு, அவர் பாடிக்கிட்டே இருக்க, டெக்னிஷியன் வந்து கிட்டார மாத்தி விட்டுட்டுப் போயிட்டார், வீடியோவ இன்னைக்கும் பாக்கலாம், பாட்டு நிக்கவே இல்ல. மாத்தி விட நம்மகிட்ட டெக்னிஷியன் இல்ல, சரி, ஆனா பக்கத்துல நிக்கிற கோரஸ் பையனுக்கு அத சொல்லிக் குடுக்கலாம்ல.

ஒரே கிட்டார்தான்னா ஒரு ஃபுல் செட் ஸ்ட்ரிங்கோட, மெல்லிசு இ ஸ்ட்ரிங் மட்டும் தனியா மூணு வாங்கி வைங்க, எப்பவும் அறுறது அதுதான். ஏற்கனவே போட்டிருக்கிற ஸ்ட்ரிங் தடிமன் 9-ஆ 10-ஆன்னு பாத்து அதே அளவு. மாட்டினதும் விரலால நல்லா இழுத்து இழுத்து விட்டு ட்யூன் பண்ணுங்க, இல்லேன்னா ரெண்டு பாட்டுக்கு சுருதி இறங்கிக்கிட்டே இருக்கும். ஃப்ளாய்டு ரோஸ் பிரிட்ஜ் (கம்பிய ஆட்டி சுருதிய ஏத்தி இறக்குற வகை) உள்ள கிட்டார்ல ஒரு ஸ்ட்ரிங் அறுந்தா மத்த அஞ்சும் சுருதி விட்டுரும், அத மட்டும் நம்பி தனியா கொடைக்கு வராதீங்க. ஸ்ட்ரிங் சுத்துற கைப்பிடி, வயர் கட்டர் ரெண்டும் கேஸ்லயே இருக்கட்டும்.

பேஸ் ஸ்ட்ரிங் அறுறது அபூர்வம். ஆனா ஆக்டிவ் பேஸுக்குள்ள ஒரு 9 வோல்ட் பேட்டரி இருக்கும், அதுக்கு தனி சுவிட்ச் கிடையாது, கேபிள சொருகினாலே ஆன். சவுண்ட் செக் முடிஞ்சு சாப்பிடப் போகும்போது கேபிள உருவாம போயிட்டா பேட்டரி ஓடிக்கிட்டே இருக்கும், தொடர்ந்து இப்படியே போனா ஒரு நாள் சத்தம் கரகரன்னு ஆகி அமுங்கிரும். பேஸ் கெட்டுப்போச்சுன்னு பாவம் எங்க பையன் ஒரு வாரம் அழுதான், ஒரு பேட்டரிதான்.

தோல், மூங்கில்

தபலா, டோலக் ஆளுகளுக்கு நான் சொல்ல ஒண்ணுமில்ல, அவங்க சுருதிக்கு ஒண்ணா ரெண்டு மூணு தபலா கொண்டு வர்றவங்க. ஒண்ணு மட்டும், மார்கழி தை மாசம் திறந்தவெளியில பத்து நிமிஷம் பனியில இருந்தாலே தோல் இறங்கிரும், அதனால ஸ்பேர் தபலாவ துணி சுத்தி உறைக்குள்ளேயே வச்சு, அரை மணிக்கு ஒருக்கா எடுத்து சுருதி பாத்துக்கணும், சுத்தியல் மடியிலேயே இருக்கட்டும். புல்லாங்குழல்காரர் பையில எல்லா கட்டைக்கும் குழல் இருக்கும், அடிக்கடி வாசிக்கிற கட்டைக்கு மட்டும் ரெண்டு வச்சுக்கிட்டா போதும், வெயில்ல நிக்கிற வேனுக்குள்ள மூங்கில் விரிசல் விட்டுரும்.

டிரம்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கு: ஸ்டிக் நாலு ஜோடி, டிரம் கீ ரெண்டு, ஸ்னேர் தோல் ஒண்ணு, கிக் பெடல் ஸ்பிரிங், ஹைஹேட் கிளட்ச். கிக் தோல் கிழிஞ்சா மேடையில மாத்த முடியாது, கிழிசலுக்கு மேல அகல டேப்ப பெருக்கல் குறி மாதிரி ஒட்டி அன்னைய பொழுத ஓட்டிரலாம்.

பென்டிரைவ்

கீபோர்டு ஸ்டைல், ரெஜிஸ்ட்ரேஷன் (பாட்டுக்குப் பாட்டு சேத்து வச்ச செட்டிங்), பேடோட கிட் எல்லாத்தையும் பென்டிரைவ்ல ஏத்தி வைங்க, ரெண்டு பென்டிரைவ், ஒண்ணு என்கிட்ட ஒண்ணு வேற ஆள்கிட்ட. வாடகைக்கு அதே மாடல் கீபோர்டு கிடைச்சாலும் உள்ள உங்க செட்டிங் இல்லேன்னா அது ஊமைதான். மைனஸ் ட்ராக், அதாவது குரல் இல்லாம இசை மட்டும் உள்ள ட்ராக் வச்சு பாடுறவங்க பென்டிரைவ ஃபேட்32-ல ஃபார்மேட் பண்ணுங்க, பழைய பிளேயர் மத்தத படிக்காது. அதே பாட்டு எல்லாம் செல்போன்லயும் இருக்கட்டும், ஃப்ளைட் மோடுல. ஒரு ரிசப்ஷன்ல மெலடி பாட்டு நடுவுல ஸ்பீக்கர்ல லோன் வேணுமான்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு, மாப்பிள்ளையே சிரிச்சுட்டார்.

சவுண்ட் செக் முடிஞ்சதும் மிக்ஸரோட திருகாணி எல்லாம் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. யாராவது கை வச்சு மாத்தினாலும், மிக்ஸரையே மாத்தினாலும், அஞ்சு நிமிஷத்துல பழைய நிலைமைக்கு வந்துரலாம்.

எல்லாத்துக்கும் ஸ்பேர் வாங்க முடியாது

உண்மைதான். அப்ப என்ன பண்றதுன்னா பாட்டு லிஸ்ட்லயே ஸ்பேர் வைக்கிறது. எங்க லிஸ்ட்ல ஒவ்வொரு பாட்டு பக்கத்துலயும் ஒரு எழுத்து இருக்கும். கீபோர்டு இல்லாம ஓடுற பாட்டு, பேடு இல்லாம வெறும் தபலாவுல ஓடுற பாட்டு, குரலும் டோலக்கும் மட்டும் போதும்னு உள்ள நாட்டுப்புறப் பாட்டு, இப்படி ஒவ்வொண்ணுலயும் மூணு மூணு. ஏதாவது செத்துச்சுன்னா நான் விரலக் காட்டுவேன், அறிவிப்பாளர் அடுத்த பாட்ட சொல்லிருவார், நான் கீழ குனிஞ்சு வேலை பாப்பேன், கூட்டத்துக்கு இதுதான் வரிசைன்னு தோணும். அறிவிப்பாளர் "சிறு தொழில்நுட்பக் கோளாறு"ன்னு மட்டும் சொல்லக்கூடாதுன்னு எழுதாத சட்டம், சொன்ன உடனே பின்னால விசில் ஆரம்பிச்சிரும்.

பிராக்டீஸ்ல இத செஞ்சு பாக்கணும். மாசத்துல ஒரு நாள் யாரும் எதிர்பாக்காத நேரத்துல நான் ஒரு பிளக்க பிடுங்குவேன். முதல் தடவ எல்லாரும் என்னத் திட்டினாங்க, பாட்டு நின்னுச்சு, ரெண்டு நிமிஷம் யார் என்ன செய்யறதுன்னு தெரியல. இப்ப பாட்டு நிக்கிறதில்ல, திட்டு மட்டும் அப்படியே இருக்கு.

பக்கத்து ஆள் கையில இருக்கிறதும் ஸ்பேர்தான். 1986-ல அமெரிக்காவுல டாங்கிள்வுட்ல மிடோரின்னு 14 வயசு ஜப்பான் பொண்ணு பெரிய ஆர்கெஸ்ட்ராவோட வயலின் வாசிக்கும்போது இ ஸ்ட்ரிங் அறுந்துச்சு, வயலின் குழுவுல முதல் ஆள் வாத்தியத்த வாங்கி வாசிச்சுச்சு, அதுலயும் இ ஸ்ட்ரிங் அறுந்துச்சு, அடுத்த ஆள் வாத்தியத்த வாங்கி மூணாவது வயலின்ல வாசிச்சு முடிச்சுச்சு. எதிர்ல நின்னு கண்டக்ட் பண்ணினது லெனார்ட் பெர்ன்ஸ்டைன். சோலோ வாசிக்கிறவருக்கு ஸ்ட்ரிங் அறுந்தா பக்கத்து ஆள் தன் வாத்தியத்த நீட்டுறது அங்க வழக்கம். நம்ம பக்கமும் கொடை சீசன்ல ஒரே வட்டாரத்துல நாலு செட்டு ஓடும், யார் எந்த ஊர்ல இருக்காங்கன்னு காலையிலயே போன்ல கேட்டு வச்சுக்கோங்க. போட்டி எல்லாம் அட்வான்ஸ் வாங்குறதோட சரி, ராத்திரி ஒம்பது மணிக்கு "அண்ணே ஒரு அடாப்டர்"னு கேட்டா பைக்கில குடுத்து விடாத ஆள நான் பாத்ததில்ல.

பெட்டி எங்க இருக்கணும்

வேன்ல இல்ல. சப்பரம் வர வழி விடணும்னு வேன ஊருக்கு வெளியில கம்மாக்கரைக்குக் கொண்டு போயிருவாங்க, டிரைவர் சாவியோட சாப்பிடப் போயிருவார். மேடையில, கீபோர்டு ஸ்டாண்டுக்குப் பின்னால, திறந்தா ஒரே பார்வையில தெரியுற மாதிரி தட்டு வச்ச டூல் பாக்ஸ். மேல் தட்டுல அவசரத்துக்கு வேண்டிய அடாப்டர், பேட்டரி, ஸ்ட்ரிங். கீழ கேபிள், மீட்டர், ஃபியூஸ், இன்சுலேஷன் டேப், அகல டேப், சின்ன ஸ்க்ரூடிரைவர் செட், கட்டுக்கயிறு. தலையில மாட்டுற டார்ச் ஒண்ணு, கை ரெண்டும் ஃப்ரீயா இருக்கும், பாக்க சுரங்கத் தொழிலாளி மாதிரி இருந்தாலும் பரவாயில்ல. அப்புறம் நாலு பெரிய பிளாஸ்டிக் ஷீட். இத மறக்கவே மறக்காதீங்க, சித்திரைக் கொடையில கோடை மழை ரெண்டு நிமிஷ நோட்டீஸ்லதான் வரும், கீபோர்டுக்கு குடை பிடிச்சு நின்ன அனுபவம் எங்களுக்கு உண்டு.

முடிஞ்சதும் பேக் பண்ணும்போது, அன்னைக்கு எது மாத்தினோமோ அத ஒரு நோட்டுல எழுதிருங்க, ரெண்டு நாளைக்குள்ள சரி பண்ணலேன்னா மறந்துரும், அடுத்த புரோகிராம்ல ஸ்பேர்தான் மெயினா ஓடும், அதுக்கு ஸ்பேர் இருக்காது. எங்க கேபிள் எல்லாத்துலயும் ரெண்டு நுனியிலயும் சிவப்பு டேப் சுத்தியிருக்கும், மைக்செட்டுக்காரரோட கலந்துராம இருக்க. போன மாசம் எண்ணிப் பாத்தா ஒண்ணு குறையுது. மேடைக்கு அடியில, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால எல்லாம் டார்ச் அடிச்சுத் தேடி, மணி பன்னெண்டரை, எல்லாருக்கும் தூக்கம் சொக்குது, கடைசியில பாத்தா ஜெனரேட்டர் கதவு ஆடாம இருக்க அதுல கட்டியிருக்கு. ஆறு மீட்டர் ஸ்பேர் கேபிள். நல்லா இறுக்கி, முடிச்சு போட்டு.

"முடிச்சு போட்டிருந்துச்சுன்னா செத்த கேபிள்னு நீங்கதானண்ணே சொன்னீங்க"ன்னான் அத கட்டி வச்ச தம்பி.